பெரியப்பா வைத்திருந்த தந்தி

2025-ஆம் ஆண்டு தை மாதத்தில் நம் பெரியப்பா காலமானார். அவருக்கு வயது 86. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "நிறைந்த வயது, கல்யாணச் சாவு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது நியாயந்தான். ஆனாலும், நினைவு தெரிந்த நாள் முதல் நமக்குப் பெரியவராகவும் சிநேகிதராகவும் இருந்த ஒருவரை இழந்து நிற்கும்போது, வயதுக் கணக்கு எந்த விதத்தில் ஆறுதலாகும் என்பது நமக்கு விளங்கவில்லை.

அவர் நம் தகப்பனாருக்கு ஒன்றுவிட்ட தமையனார். கும்பகோணத்துக்கு அருகே, அரசலாற்றங்கரையில் உள்ள நம் கிராமத்தில் போஸ்டு மாஸ்டராக இருந்தார். தபாலாபீசின் பின்கட்டிலேயே அவருக்கு ஜாகை. மாலையில் ஆபீஸ் கதவைச் சாத்தியதும் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். இளமையில் தந்திப் பயிற்சி பெற்றவர் ஆதலால், காபி டம்ளரை விரல் நகத்தால் தட்டித் தட்டி நம் பெயரைச் சொல்லுவார். ஆங்கிலத்தில் 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரே புள்ளி, 'டீ' என்பதற்கு ஒரே கோடு என்று அவர் கற்றுக்கொடுத்தது இன்றும் மறக்கவில்லை. 1947 நவம்பர் மாதம் 21-ஆம் தேதி, சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை வெளிவந்தது. மூவர்ணக் கொடியும் 'ஜெய் ஹிந்த்' என்ற சொற்களும் பொறித்த அந்த மூன்றரை அணாத் தலை ஒன்றை, ஒன்பது வயதுப் பையனாக இருந்தபோதே சம்பாதித்து வைத்திருந்தார். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வர வேண்டும்!

இப்படிப்பட்ட மனிதரோடு நாம் ஒரு சமயம் இரண்டு மாத காலம் பேசாமல் இருந்தோம். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

நம் தகப்பனார் மத்தியப் பிரதேசத்தில் அப்போது இருந்த பிலாய் நகரத்து உருக்காலையில் உத்தியோகம் பார்த்தார். தாயாரும் பத்து வயதுத் தம்பியும் அவருடன் இருந்தார்கள். தமிழில் படிக்க வேண்டும் என்பதற்காக நாம் மட்டும் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தோம். 1995-ஆம் ஆண்டு பங்குனி மாதம். நமக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் கணக்கு.

அன்றிரவும் பெரியப்பா வழக்கம்போல் திண்ணைக்கு வந்தார். பித்தகோரஸ் தேற்றத்தை நம்மிடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டார். ஓரிடத்தில் தடுமாறியபோது, நம் கையிலிருந்த பென்சிலை வாங்கித் தாமே படம் போட்டுக் காட்டினார். பாட்டி கொண்டுவந்து கொடுத்த மோரை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. "வயிறு சரியில்லை, சித்தி" என்றார். நாம் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

மறுநாள் பகல் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. மர நிழலுக்கு அழைத்துச் சென்று, சட்டைப் பையிலிருந்து தந்தியை எடுத்துக் கொடுத்தார். தகப்பனார் மாரடைப்பால் இறந்துவிட்டார்; மறுநாள் காலை தகனம் என்பது செய்தி. அந்த 'மறுநாள் காலை' ஏற்கெனவே கடந்து போயிருந்தது.

"இது நேற்றுச் சாயங்காலம் வந்தது, தம்பி. நான்தான் வைத்திருந்தேன்" என்றார்.

கொள்ளி வைக்க வேண்டிய மூத்த பிள்ளை நாம். முந்தின இரவு நாம் தேற்றத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் காகிதம் அவருடைய பையில் இருந்திருக்கிறது! அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடினோம். அதன் பிறகு அவர் திண்ணைக்கு வந்தால் நாம் கொல்லைப்பக்கம் போய்விடுவோம்.

பிற்பாடு ஒரு நாள் ரயில்வே கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு நாமே கணக்குப் பார்த்தோம். அன்றிரவே மீட்டர் கேஜ் வண்டியில் ஏறியிருந்தாலும், மறுநாள் காலையில் சென்னை எழும்பூரில்தான் இறங்கியிருப்போம். அங்கிருந்து சென்ட்ரலுக்குப் போய் வடக்கே செல்லும் வண்டியைப் பிடித்து, அதற்கும் மறுநாள்தான் பிலாய் சேர்ந்திருக்க முடியும். தகனத்துக்கு எப்படியும் போயிருக்க முடியாது. இதைப் பெரியப்பா ஒரு நிமிஷத்தில் கணக்கிட்டிருப்பார். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் கோபம் கணக்குக்கு அடங்குவதாக இல்லை.

கோபத்தைத் தணித்தவர் பாட்டிதான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். கோபிக்கும் பாத்தியதை நம்மைவிட அவருக்கே அதிகம். ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "என் பிள்ளை எனக்கு ஓர் இராத்திரி அதிகமாக உயிரோடு இருந்தானடா. அதை உன் பெரியப்பன் கொடுத்தான். அந்த இராத்திரி முழுதும் அவன் ஒருத்தனே அழுதிருக்கிறான்."

அன்று சாயங்காலம் நாமே தபாலாபீசுக்குப் போனோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மேஜையை விரலால் தட்டினார். நம் பெயர்தான்.

வருஷங்கள் பல சென்றன. நாம் பட்டம் பெற்று, ஆசிரியராகி, வெளியூரில் குடியேறினோம். வாரந்தோறும் அவரிடமிருந்து ஒரு கார்டு வரும். நாட்டில் தந்திச் சேவை முடிவுக்கு வந்த 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், 74 வயதில் பஸ் ஏறி நகரத்துக்குச் சென்று, வரிசையில் நின்று நமக்கு ஒரு தந்தி அனுப்பினார். 'எல்லோரும் சௌக்கியம்' என்பதுதான் செய்தி. தந்தி என்றால் நடுங்கும் நம் வீட்டுக்கு, பயமில்லாத தந்தி ஒன்றாவது வந்து சேரட்டும் என்று எண்ணினார் போலும்.

2017-ஆம் ஆண்டில் நமக்கே அந்தச் சோதனை வந்தது. பரீட்சை மண்டபத்துக்குள் நுழைய இருந்த மாணவி ஒருத்தியின் தகப்பனார் இறந்துவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. ஊர் ஐந்து மைல் தூரத்தில்தான் இருந்தது. நாம் அவளை அழைத்து உடனே சொல்லிவிட்டோம். அவள் பரீட்சை எழுதவில்லை. தகப்பன் முகத்தைப் பார்த்தாள். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது வெகு நேரம் மௌனமாக இருந்தார். "நீ செய்ததுதான் சரி, தம்பி. செய்தி யாருக்கு வருகிறதோ அவர்களுடைய சொத்து அது. ஆனால் நானாக இருந்தால், மறுபடியும் தவறைத்தான் செய்திருப்பேன்" என்றார்.

காரியங்கள் முடிந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். அந்தத் தபால்தலை ஒரு காகித உறையில் பத்திரமாக இருந்தது. அதன் கீழே, 1995-ஆம் ஆண்டு தேதியிட்ட இலாகா உத்தரவு ஒன்று இருந்தது. மரணத் தந்தியைத் தாமதித்துப் பட்டுவாடா செய்த குற்றத்துக்காக, ஓர் ஆண்டுக்கு ஊதிய உயர்வு நிறுத்தப்படுகிறது என்று அதில் கண்டிருந்தது. உடன் அவர் எழுதிக் கொடுத்த பதிலின் நகலும் இருந்தது: 'தந்தி வந்த நேரமும் கொடுத்த நேரமும் பதிவேட்டில் உள்ளபடியே உண்மை. தாமதம் என்னுடையது. தந்திச் சேவகனுக்கு இதில் சம்பந்தமில்லை.'

பதிவேட்டில் நேரத்தை மாற்றி எழுதியிருந்தால் ஒருவரும் அறிந்திருக்க மாட்டார்கள். அவர் ஓய்வு பெறுவதற்கு அப்போது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டே பாக்கி இருந்தது. 35 வருஷ உத்தியோகத்தில் அவர் பெற்ற தண்டனை அது ஒன்றுதான் என்று பெரியம்மா சொன்னார். மீதி முப்பது வருஷ காலத்தில் நம்மிடம் ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொன்னதில்லை. நாம் கொல்லைப்பக்கம் ஓடி ஒளிந்த அந்த இரண்டு மாதத்தில்தான் அவர் அந்தப் பதிலை எழுதியிருக்கிறார்.

அவர் செய்தது சரியா, தவறா? நாம் இன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. தவறு என்று தெரிந்தே செய்தார். அதற்குரிய விலையை மறைக்காமல் கொடுத்தார். தபால்தலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டோம். உத்தரவை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். அதைத் தொடுவதற்கு முன்னும் கையைக் கழுவித் துடைத்துக்கொள்கிறோம்.