தொப்பியா, கோடா?

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் நாங்கள் ஐந்தாறு பேர் பாகூர் பக்கம் தூண்டில் எடுத்துக்கொண்டு போவோம். பெயர்தான் சங்கம், தலைவரும் இல்லை, சந்தாவும் இல்லை. டீச்செலவு மட்டும் முறை வைத்து.

தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்தான் ருசி. ஜிலேபிக்கு மண்புழு, சின்ன முள். கெண்டைக்குப் பிசைந்த மாவு. தக்கை ஆடியதும் இழுக்கக் கூடாது, அமிழ்ந்த பிறகே சுண்ட வேண்டும். கெளுத்தியைக் கழற்றும்போது அதன் செட்டை முள் கையில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விராலுக்கு ஒரு சுலப வழி உண்டு. செக்கச்செவேலென்று குஞ்சுகள் மொய்க்கும் இடத்தில் தூண்டிலைப் போட்டால், காவல் இருக்கும் விரால் பசியில்லாவிட்டாலும் பாய்ந்து கவ்வும். நானும் அப்படி ஒன்றைப் பிடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். சற்று நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளுக்குள் புகுந்து புகுந்து தின்றன. தண்ணீரில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. அன்று வீட்டில் விரால் குழம்பு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிறு வயதில் பிரெஞ்சு டிக்தே எழுதும்போது 'பெஷேர்' என்ற சொல்லில் மாட்டிக்கொள்வேன். முதல் உயிரெழுத்தின் மேல் தொப்பி போட்டால் மீன் பிடிப்பவன். சாய்கோடு போட்டால் பாவி. மாற்றிப் போட்டு எத்தனையோ முறை மார்க் போயிருக்கிறது.

அடுத்த ஞாயிறு இதைச் சொன்னேன். "மீன்தானே சார், விடுங்க" என்றார் ஒருவர். டீ குடித்து முடிக்கும்போது, "சரி, குஞ்சோடு இருக்கிறதைத் தொட வேண்டாம்" என்றவரும் அவரேதான். எங்கள் சங்கத்துக்கு இன்றுவரை அது ஒன்றுதான் சட்டம்.