பிக்கப்பில் பழைய கியர் கம்பி திரும்பி வந்த கதை



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பானைகளை வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தோம். ஒரு அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "ஏன்பா, தைப்பூசத்துக்கு முன்னாடி காசு சேர்த்துக் குட்டையா ஒரு கியர் போட்டீங்களே, இப்ப பழைய நீளக் கம்பியே நிக்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரும் 50 வெள்ளி கொடுத்தவர். கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்திருக்கிறவங்களும் இருப்பாங்க. அதனால கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

நம்ம கோயில் பிக்கப் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஹைலக்ஸ், 2.5 டீசல், ஐந்து கியர் மேனுவல். ஒரு பக்தர் தான் ஓட்டிய வண்டியை அப்படியே அம்மன் பெயரில் கொடுத்தார். அன்னதானப் பானை, அரிசி மூட்டை, மேசை நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் அதில்தான். திருவிழா சமயத்தில் சிம்பாங் பூலாய் ரோட்டு வழியா கேமரன் மலை ஏறி முட்டைக்கோஸ், கேரட் எடுத்து வருவதும் அதில்தான். ஓட்டுகிறவர் நம்ம டிரைவர் மாமா. வயசு 68. தோட்டத்தில் டிராக்டரில் ஆரம்பிச்சு, பிறகு லோரி ஓட்டியே ரிட்டயர் ஆனவர். ஆட்டோ கியர் வண்டியில் உட்கார்ந்தால் இடது கைக்கு வேலையில்லாமல் தூக்கம் வருது என்பார்.

பிரச்சினை என்னன்னா, கியர் கம்பி ரொம்ப ஆட ஆரம்பிச்சது. நியூட்ரலில் வைத்தாலும் சோத்துக் கரண்டி மாதிரி நாலு பக்கமும் சுத்தும். மலை இறக்கத்தில் ஒரு தடவை மூணாவது போடப் போய் ஒண்ணுல மாட்டிக்கிச்சு. வண்டி உலுக்கினதுல பின்னாடி இருந்த கூடை இரண்டு கவிழ்ந்தது. அன்னைக்கு எல்லாருக்கும் கொஞ்சம் பயம்தான்.

நம்ம குழுவில் உள்ள தம்பி, எங்க ஃபேக்டரியில் டெக்னீஷியன், போனில் ஒரு வீடியோ காட்டினார். ஷார்ட் ஷிஃப்டர். கம்பி குட்டை, கை கொஞ்சம் அசைஞ்சாலே கியர் விழுது. பார்க்க ரொம்ப அழகா இருந்தது. மாமா கையை அவ்வளவு தூரம் நீட்ட வேண்டாம், அவருக்கும் நல்லதுதானேன்னு நாங்களே முடிவு பண்ணினோம். குழுவில் கேட்டோம், பதினோரு பேர் கொடுத்தீங்க. சாமானும் கூலியும் சேர்த்து 620 வெள்ளி. மாட்டின அன்னைக்கு கோயில் வளாகத்தைச் சுத்தி ஆளுக்கு ஒரு ரவுண்டு ஓட்டினோம். டக், டக் என்று விழுந்தது. மாமாவும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றார். அதோட விட்டுட்டோம்.

தைப்பூசம் வந்தது. புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரை அன்றைக்கு ரோடு எப்படி இருக்கும் என்று ஈப்போக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸும் மோரும் ஏத்திக்கிட்டு மாமா இரண்டு நாளும் ஓட்டினார். பத்தடி நகரும், நிக்கும். ஒண்ணு, ரெண்டு, மறுபடி ஒண்ணு. நம்ம ஊர் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம், கியர் இடது கையில். ஒண்ணாவது கியர் டிரைவரை விட்டுத் தள்ளி, எதிர்ப்பக்கம் முன்னாடி இருக்கு. கையை நீட்டி, தோளிலிருந்து தள்ளணும்.

அதுக்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை மாமா வரவில்லை. போன் பண்ணினா "லேசா காய்ச்சல்" என்றார். மூணாவது வாரம் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே தைல வாசனை. அத்தைதான் சொன்னாங்க, "கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியல. சாமி படத்துக்குப் பூ போடக்கூட வலது கையாலதான் எட்டுறாரு." ஏன் மாமா சொல்லல என்று கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "பக்தருங்க காசு போட்டு மாட்டினது. எனக்காகத்தான்னு வேற சொன்னீங்க. ஆகலைன்னு எந்த வாயால சொல்றது?"

திரும்பி வரும்போது வண்டிக்குள் யாரும் பேசல.

அன்னைக்கு ராத்திரியே தம்பி பழைய கம்பியை ஸ்டோரிலிருந்து எடுத்து வந்தார். அளவு டேப் வைத்து அளந்தோம். கியர் கம்பி என்பது ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். நடுவில் ஒரு உருண்டை. அதுக்கு மேலே நம்ம கை, கீழே இருக்கிற முனை கியர்பாக்ஸ் உள்ளே தள்ளுது. பழையதில் உருண்டைக்கு மேலே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், கீழே 6. அதாவது ஐந்துக்கு ஒன்று. புதுசில் உருண்டையை மேலே ஏத்தி, தலையைக் குறைச்சிருக்காங்க. மேலே 28, கீழே 7. நாலுக்கு ஒன்று. உள்ளே 1 சென்டிமீட்டர் நகர்த்த, பழசுல கை 5 சென்டிமீட்டர் போகணும், புதுசுல 4 போதும். ஆனா தூரம் குறைஞ்சா பாரம் கூடும். உள்ளே 20 கிலோ அழுத்தம் வேணும்னா பழசுல கைக்கு 4 கிலோ, புதுசுல 5 கிலோ. நூற்றுக்கு 25 கூடுதல். கிணத்தடி நெம்புகோல் தெரிஞ்ச எந்தத் தாத்தாவும் சொல்லியிருப்பார்.

எங்களுக்கு வெட்கம் எங்கே என்றால், நாங்க ஃபேக்டரியில் முப்பது வருஷமா இதே வேலை. லைனில் ஒரு கைப்பிடியை மாத்தணும்னாகூட, அதைப் பிடிக்கிற ஆளை ஒரு ஷிஃப்ட் முழுக்க வேலை செய்ய விட்டு, கை வலிக்குதா என்று கேட்டு எழுதி வாங்கின பிறகுதான் கையெழுத்துப் போடுவோம். கோயில் வண்டிக்கு ஒரே ஒரு ரவுண்டு.

மறுநாள் மெக்கானிக் கடைக்குக் கொண்டு போனோம். சீன அப்பே, நாற்பது வருஷம் இதே வண்டிகளைப் பார்த்தவர். பழைய கம்பியின் கீழ் முனையைத் தடவிப் பார்த்துட்டு, "இனி புஷ் சூடா ஹாபிஸ்லா" என்று சிரிச்சார். கம்பி முனை உட்காருகிற பிளாஸ்டிக் புஷ் தேய்ஞ்சு பாதி உதிர்ந்தே போயிருந்தது. அந்த ஆட்டம் எல்லாம் அதனாலதான். ஷார்ட் ஷிஃப்டர் பெட்டியில் புது புஷ் சேர்ந்தே வந்தது. அதனால "டக், டக்" என்று விழுந்ததில் முக்கால்வாசிப் பெருமை அந்தப் புஷ்ஷுக்குத்தான் போகணும். நாங்க குட்டைக் கம்பிக்குக் கொடுத்துட்டோம்.

இன்னொன்றும் அப்பே சொன்னார். கம்பி குட்டையானா கியர் சீக்கிரம் விழும்னு நினைச்சு அவசரமா இழுக்கக்கூடாது. உள்ளே சின்க்ரோ வளையம் கியரின் வேகத்தைச் சமப்படுத்தின பிறகுதான் அது சேரும். அதுக்கு அதன் நேரம் வேணும். நம்ம தம்பி மலைக் குளிரில் ரெண்டாவது கியரை இழுத்து இரண்டு தடவை "கர்ர்" என்ற சத்தம் கேட்க வைத்தது உண்மை. இப்போ அவரே ஒத்துக்கொள்கிறார்.

பழைய கம்பி, புது புஷ், கியர் எண்ணெய் மாற்றம், எல்லாம் சேர்த்து 140 வெள்ளி. இதை நாங்க மூணு பேர் போட்டுக்கிட்டோம், கோயில் கணக்கில் எழுதவில்லை. கம்பி இப்போ நீளம்தான், கை கொஞ்ச தூரம் போகணும்தான். ஆனா இரண்டு விரலால் தள்ளினாலே விழுது. ஷார்ட் ஷிஃப்டர் கெட்ட சாமான் என்று சொல்ல வரவில்லை. இளவட்டம் தனியா ஓட்டுற வண்டிக்கு அது சரி. நம்ம வண்டிக்கும் நம்ம மாமாவுக்கும் அது இல்ல. கழட்டினதைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். தம்பி விலை பேசிக்கிட்டு இருக்கார். என்ன கிடைத்தாலும் அன்னதானக் கணக்குக்கு வரும், ரசீது நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். கொடுத்த பதினோரு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

மாமா ஜெனரல் ஹாஸ்பிட்டலில் பிசியோவுக்குப் போய் வருகிறார். முந்தாநாள் சாயங்காலம் கோயிலுக்கு வந்தார். சாவியை வாங்கி, எஞ்சினைப் போடாமலே கிளட்சை மிதிச்சு ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போட்டுப் பார்த்தார். நல்லா இருக்கா என்று இந்தத் தடவை நாங்க கேட்கல. பதினைந்து நிமிஷம் அப்படியே போட்டுக்கிட்டு இருக்க விட்டோம். பிறகு அவரே சொன்னார், "ரெண்டாவது இன்னும் கொஞ்சம் பிடிக்குது. மத்தது சரி." எழுதி வைத்திருக்கிறோம்.

வரும் ஞாயிறு காலை 5 மணிக்குக் காய்கறி எடுக்க மலைக்குப் போகிறோம். ஏறும்போது தம்பி ஓட்டுவார், மாமா பக்கத்தில் உட்காருவார். மூட்டை தூக்க இரண்டு பேர் தேவை. வர முடிந்தவர்கள் சனிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள். குளிர் சட்டை கொண்டு வாங்க.