பன்னிரண்டு ஓட்டங்கள்

பெரிய தோல்விகள் விரைவில் மறந்துபோகின்றன. இருபது புள்ளி வேறுபாட்டில் தோற்ற அணியின் ஆதரவாளர்கள், திடலை விட்டு வெளியேறிப் பேருந்து நிலையத்தை அடைவதற்குள் வேறு பேச்சுக்குச் சென்றுவிடுவார்கள். ஒரு புள்ளியில் தோற்றால் நிலைமை வேறு. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி நடைபெறும் கபடிப் போட்டிகளைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். பாடிச் சென்றவனின் கை கோட்டைத் தொட்டதா, தொடவில்லையா என்னும் வழக்கு, ஆடியவர்களுக்குத் தலை நரைத்த பின்னும் திண்ணைகளில் நடந்துகொண்டிருக்கும். இரு பக்கமும் சாட்சிகள் இருப்பார்கள். தீர்ப்பு மட்டும் வருவதில்லை.

இவ்வாறு முடிவுறாத வழக்குகளுள் தமிழ்நாடு முழுவதும் அறிந்த ஒன்று, 1999ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் அது. 1987க்குப் பிறகு பாகிஸ்தான் அணி இந்திய மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட். தில்லியில் நடைபெறவேண்டிய முதல் ஆட்டம், அங்கிருந்த ஆடுகளத்தைச் சிலர் தோண்டிச் சிதைத்ததால் சென்னைக்கு வந்தது. ஆகவே, பந்து வீசப்படும் முன்பே அந்த ஆட்டத்தில் பகையின் நெடி இருந்தது. காவல் பலமாக இருந்தது. மக்கள் எப்படி நடந்துகொள்வார்களோ என்னும் அச்சமும் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்துக்குள் அடங்கிய ஊர். பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த தேநீர்க் கடையில், சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் ஓட்டுநர்களும், சிமெண்டு ஆலையில் பணிமுறை முடித்து வந்தவர்களும், என்னைப்போல் வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்களும் ஒரு சிறிய தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நெருக்கியடித்து நின்றோம். குடித்து முடித்த குவளையைக் கீழே வைக்கவும் இடமில்லை.

இந்தியா வெற்றி பெற 271 ஓட்டங்கள் தேவைப்பட்டன. தொடக்க ஆட்டக்காரர் இருவரும் ஆறு ஓட்டங்களுக்குள் வெளியேறினர். அவர்களுள் ஒருவர், அந்த ஆட்டத்தில்தான் டெஸ்ட் அரங்கில் அடியெடுத்து வைத்த நம் சென்னையின் சடகோபன் ரமேஷ். 82 ஓட்டங்களில் ஐந்து விக்கெட்டுகள் போய்விட்டன. கடையிலிருந்தோர் பாதிப்பேர் கலைந்து சென்றனர். எஞ்சியவர்கள் சச்சின் டெண்டுல்கரின் பொருட்டு நின்றனர். முதல் இன்னிங்சில் ஓட்டம் ஏதுமின்றி வெளியேறியிருந்த அவர், இப்போது விக்கெட் காப்பாளர் நயன் மோங்கியாவுடன் சேர்ந்து 136 ஓட்டங்களைக் குவித்தார். முதுகுவலியால் துடித்துக்கொண்டே ஆடினார். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் அவர் குனிந்து இடுப்பைப் பிடிப்பதைத் திரையில் கண்டு, கடையிலிருந்தவர்களும் தம்மையறியாமல் இடுப்பில் கைவைத்தனர். கலைந்து சென்றவர்கள் திரும்பி வந்தார்கள். மோங்கியா 52 ஓட்டங்களில் வெளியேறினார். சச்சின் நின்றார்.

வெற்றிக்கு 17 ஓட்டங்களே தேவை என்னும் நிலையில், சக்லைன் முஷ்டாக் வீசிய பந்தைச் சச்சின் உயரத் தூக்கியடித்தார். வாசிம் அக்ரம் அதனைப் பிடித்தார். சச்சின் எடுத்த ஓட்டங்களும் 136. அந்தக் கூட்டணியின் ஓட்டங்களும் 136. இது தற்செயலே. ஆனால், அந்த எண்ணை அன்று பார்த்தவர்கள் மறக்கவில்லை. அதன்பின் எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களில் வீழ்ந்தன. 258. பன்னிரண்டு ஓட்டங்களில் தோல்வி.

சேப்பாக்கத்தில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பின்னர் வாசிம் அக்ரம் தம் அணியினரை அழைத்துக்கொண்டு திடலைச் சுற்றி ஓடத் தொடங்கினார். அப்போது ஒரு பகுதியில் சிலர் எழுந்தனர். அடுத்த பகுதியிலும் எழுந்தனர். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பகையின் நெடியோடு தொடங்கிய ஆட்டம் இப்படி முடிந்தது.

தேநீர்க் கடையில் எல்லாரும் கைதட்டவில்லை. லாரி ஓட்டுநர் ஒருவர், “தோத்துட்டு நிக்கிறோம், அவங்களுக்குப் போய்க் கை தட்டுறாங்களே, பாருங்க அண்ணே” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, “நாலு நாளா ஆடியிருக்காங்கல்ல தம்பி, சும்மாவா ஜெயிச்சாங்க?” என்றார். இருவரும் மேற்கொண்டு பேசவில்லை. கடைக்காரர் பக்கமே நியாயம் இருப்பதாக அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எனினும், ஓட்டுநரின் துயரத்தை எள்ளத்தக்கதாக நான் கருதவில்லை. தோல்வி உறுத்தாத மனம் எவர்க்கு வேண்டுமானாலும் கைதட்டிவிடும்; அதற்குச் செலவில்லை. சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்கள் அந்த ஓட்டுநரைப் போலவே உள்ளம் உடைந்தவர்கள். உடைந்த உள்ளத்தோடு தட்டியதால்தான் அந்தக் கைதட்டல் இன்றளவும் பேசப்படுகிறது.

மறுநாளே வழக்கு தொடங்கிவிட்டது. சச்சின் அந்தப் பந்தைத் தூக்கியடித்திருக்கலாமா? இன்னும் அரைமணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? நூற்று முப்பத்தாறு ஓட்டங்கள் எடுத்தவரையே தோல்விக்குப் பொறுப்பாளி ஆக்கினார்கள். அவரோ, ஆட்டநாயகன் விருதைப் பெறவும் வெளியே வர இயலாமல், உடைமாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்தார்.

பன்னிரண்டு ஓட்டங்களை எங்கே தேடுவது? பாகிஸ்தானின் இரண்டாம் இன்னிங்சில் சாகித் அப்ரிதி 141 ஓட்டங்கள் எடுத்தார். அவரைப் பன்னிரண்டு ஓட்டங்களுக்கு முன்னரே வெளியேற்றியிருந்தால் கணக்கு மாறியிருக்கும். முதல் இன்னிங்சில் இந்தியா பெற்ற முன்னிலை 16 ஓட்டங்களே. அது முப்பதாக இருந்திருந்தாலும் மாறியிருக்கும். சௌரவ் கங்குலி அடித்த பந்து தரையைத் தொட்ட பின்னரே பிடிக்கப்பட்டது என்பார் உண்டு, அங்கேயும் தேடலாம். இத்தனைக்கும் இந்தியா மோசமாக ஆடவில்லை. அனில் கும்ப்ளே முதல் இன்னிங்சில் ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தினார். வெங்கடேஷ் பிரசாத் இரண்டாம் இன்னிங்சில் 33 ஓட்டங்களே கொடுத்து ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தி, வலுவாக இருந்த எதிரணியை 286இல் சுருட்டினார். ஆனால், இரண்டு இன்னிங்சிலும் ஐந்தைந்து விக்கெட்டுகளைச் சாய்த்த சக்லைன் எதிர்ப்பக்கம் இருந்தார். நான்கு நாள்களின் எந்த வேளையிலும் அந்தப் பன்னிரண்டு ஓட்டங்கள் ஒளிந்திருக்கலாம். நம் கண்களோ கடைசி அரைமணி நேரத்தை மட்டுமே துழாவுகின்றன.

ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்து, அதே இரு நாடுகள் கொல்கத்தா ஈடன் தோட்ட அரங்கில் மோதின. ஓடிவந்த சச்சின், எதிரணியின் சோயிப் அக்தர்மீது மோதி ரன் அவுட் ஆனார். கூட்டம் கொந்தளித்தது, ஆட்டம் தடைப்பட்டது. இறுதியில் காவல்துறையினர் பார்வையாளர்களை வெளியேற்றினர். வெற்று இருக்கைகளின் முன் பாகிஸ்தான் 46 ஓட்டங்களில் வென்றது. கொல்கத்தா மக்களுக்கு விளையாட்டின்மீது அன்பு குறைவு என்று எவரும் கூறமுடியாது. அவர்களது அன்பு அன்று ஒரே ஒரு நிகழ்வில் சிக்கிக்கொண்டது. சேப்பாக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் நான்கு நாள் ஆட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி நொடியின் இந்த ஆதிக்கத்தைக் கூடைப்பந்தில் இன்னும் தெளிவாகக் காணலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சோவியத் ஒன்றியம் அமெரிக்காவை 51-50 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. அதுவரை ஒலிம்பிக் கூடைப்பந்தில் அமெரிக்கா தோற்றதே இல்லை. இறுதி மூன்று நொடிகளை மீண்டும் ஆடவைத்த நடுவர்களின் முடிவை ஏற்காத அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கங்களைப் பெற மறுத்தார்கள். அவர்களது மனக்குறையில் நியாயம் உண்டு. எனினும், இடைவேளையின்போது சோவியத் அணி 26-21 என முன்னிலையில் இருந்ததை இன்று யார் நினைவுகூர்கிறார்கள்? நாற்பது நிமிட ஆட்டம் மூன்று நொடிகளாகச் சுருங்கிவிட்டது.

இதையெல்லாம் ஏட்டில் படித்து அறிவது ஒன்று. நம் வகுப்பறைக்குள்ளேயே காண்பது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியின் மாணவியர் கூடைப்பந்து அணி பெரம்பலூரில் ஓர் இறுதியாட்டத்தில் ஆடியது. முடிய நான்கு நொடிகள் இருக்கையில் நம் அணி 46-47 எனப் பின்தங்கியிருந்தது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இரண்டு தனி எறிதல்கள் கிடைத்தன. ‘ஃப்ரீ த்ரோ’ என்று ஆட்டக்காரர்கள் வழங்கும் இவற்றைத் தடுக்க எவரும் குறுக்கே வருவதில்லை. கோட்டின் பின் நின்று எறியவேண்டும், அவ்வளவுதான். முதல் பந்து வளையத்தின் விளிம்பைச் சுற்றிவந்து வெளியே விழுந்தது. இரண்டாவது வளையத்தையே தொடவில்லை.

அரியலூருக்குத் திரும்பும் பேருந்தில் அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அமர்ந்திருந்தாள். வெளியே மக்காச்சோளக் கொல்லைகள் இருட்டில் மறைந்துகொண்டிருந்தன. ஆட்டம் பார்க்க வந்திருந்த மாணவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. அடுத்த சில நாள்களில் ‘ரெண்டு பால்’ என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. காலைப் பயிற்சிக்கு வருவதை அவள் நிறுத்திவிட்டாள்.

உடற்கல்வி ஆசிரியர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. அவர் எல்லா ஆட்டங்களுக்கும் குறிப்பு எழுதி வைப்பவர். ஒருநாள் மாலை அணியினரையும், உடன் வந்திருந்த ஆதரவாளர்களையும் ஆடுகளத்தில் உட்காரவைத்து, தம் குறிப்பேட்டைப் பிரித்துப் படித்தார். அவளையும் ஆளனுப்பி அழைத்துவரச் செய்திருந்தார். முதல் கால்பகுதி, மூன்றாம் நிமிடம்: கூடையின் அடியில் எதிர்ப்பே இல்லாத நிலையில் ஓர் எறிதல் தவறியது. இரண்டாம் கால்பகுதி: இருபத்து நான்கு நொடிகளுக்குள் பந்தை எறியாததால் அது எதிரணிக்குச் சென்றது. அந்த ஆட்டத்தில் நம் அணிக்குக் கிடைத்த தனி எறிதல்கள் பதினான்கு. விழுந்தவை ஐந்து. அந்த ஐந்தில் நான்கு அவள் எறிந்தவை. எவருடைய பெயரையும் அவர் சொல்லவில்லை. ஆனால், மூன்றாம் நிமிட எறிதலைப் படித்தபோது அணித்தலைவி கையை உயர்த்தி, “அது நான் விட்டது சார்” என்றாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி. பின்னர் மற்றொருத்தி. ஆதரவாளர்கள் பக்கம் பேச்சே எழவில்லை. அவள் மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் வந்தாள். அந்தப் பெயர் மறைய அதைவிட நீண்ட நாள்கள் ஆயின.

தமிழ் ஆசிரியனாகிய எனக்கு இத்தகைய வேளைகளில் வெண்ணிப் போர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலாது. கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பாய்ந்த வேல் முதுகுவரை ஊடுருவியதால் உண்டான புறப்புண்ணுக்கு நாணி, வடக்கிருந்து உயிர்நீத்தான். வென்றவனை எல்லாரும் பாடக்கூடிய வேளை அது. வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற்புலவர் கரிகாலனைத்தான் பாடினார். அவனது குடிப்பெருமையையும் வெற்றியையும் குறைவின்றிச் சொன்னார். சொல்லிவிட்டு, உன்னிடம் தோற்று வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லனோ என்று அவனையே கேட்டார். புறநானூற்றின் 66ஆம் பாடல் இது. புலவர் நின்றது வென்றவன் பக்கம், கைதட்டியது தோற்றவனுக்கு. சேப்பாக்கத்தில் நிகழ்ந்ததற்கு இது நேர் மறுதலையாகத் தோன்றும். ஆயினும் இரண்டையும் நான் ஒரே இனமாகவே எண்ணுகிறேன். தாம் நிற்கும் பக்கத்தை விட்டு நகராமலேயே மறுபக்கத்தின் ஆட்டத்தையும் முழுமையாகப் பார்த்தவர்கள் இவர்கள்.

இப்பாடலை நடத்தி முடித்த ஒரு பிற்பகலில், கடைசி இருக்கையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “கரிகாலனுக்குக் கோபம் வந்திருக்குமா ஐயா?” என்று கேட்டான். அதற்கு விடை பாடலில் இல்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடத் தொடங்கியது. மணி அடித்த பின்னும் அவர்கள் நிறுத்தவில்லை.