ஏழுக்கு ரெண்டு

ஒரு சின்ன க்விஸ் மக்களே. சென்னை சூப்பர் கிங்ஸ், மொத்தம் 14 மேட்ச்சில் 7 முடிஞ்சாச்சு. 2 ஜெயிச்சு 5 தோத்திருக்கோம். பாதி வழியில் கேப்டனுக்குக் கையில் அடிபட்டு வேற ஆள் டீமை நடத்த வேண்டியதாப் போச்சு. இது எந்த வருஷம்?

2010-னு சொன்னவங்களுக்கு ஒரு மார்க். 2025-னு சொன்னவங்களுக்கும் ஒரு மார்க். ரெண்டுமே சரி. முதல் வருஷம் கப் வந்துச்சு. ரெண்டாவதில் பத்து டீமில் பத்தாவது இடம். ஆனா பாதியில் நின்னு பாத்தா ரெண்டு வருஷமும் ஒரே நாலு பாயிண்ட்தான்!

2010 கதை தெரியாதவங்களுக்கு (அப்படி யாராவது இருந்தா) சுருக்கமா சொல்றேன். மார்ச் 21 சேப்பாக்கத்தில் பஞ்சாப் அடிச்சது 136. நாமளும் கரெக்டா 136-லேயே போய் நின்னு, சூப்பர் ஓவரில் தோத்தோம். அதுக்கப்புறம் பெங்களூர், மும்பை, ராஜஸ்தான்னு வரிசையா அடி. தோனிக்கு அடிபட்டு சில மேட்ச்சுக்கு ரெய்னா கேப்டன். ஊரே சங்கு ஊதி முடிச்சப்புறம், ஏப்ரல் 3 அன்னிக்கு முரளி விஜய் 56 பந்தில் 127 அடிச்சார். நியூசிலாந்தில் டெஸ்ட் ஆடிட்டு பாதி சீசனில் வந்து சேர்ந்த டக் போலிஞ்சர் பௌலிங்கை நிமிர்த்தினார். ஏப்ரல் 18, தர்மசாலா. கடைசி ஓவரில் 16 வேணும், இர்பான் பதான் பந்து போடுறார். தோனி நாலே பந்தில் முடிச்சுட்டு தன் ஹெல்மெட்டைத் தானே குத்திக்கிட்டார். 7 வெற்றி, 7 தோல்வி, 14 பாயிண்ட். இதே 14-ல் நாலு டீம் நின்னுச்சு, நெட் ரன் ரேட்டில் நாம முந்தி செமி ஃபைனல் போனோம். அடுத்த ஞாயித்துக்கிழமை கப்.

அப்போ எனக்கு 13 வயசு, முழுப்பரீட்சை நேரம். எங்க அப்பா தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கத்தில் யாரு யாரை ஜெயிச்சா என்ன ஆகும்னு கணக்குப் போடுவார். நெட் ரன் ரேட் நான் படிச்சது அங்கேதான். நாம ஓவருக்கு எவ்வளவு அடிச்சோம், எதிராளி ஓவருக்கு எவ்வளவு அடிச்சான், முதல்லேர்ந்து ரெண்டாவதைக் கழி. ஆல் அவுட் ஆனா முழு 20 ஓவரும் கணக்கில் வரும். இஞ்சினியரிங் நாலு வருஷத்தில் இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரலை :-)

இப்போ நான் இருக்கறது அடையாறில் வாடகை வீடு. அப்பா அம்மா மயிலாப்பூரில். நடுவில் என்ன, மிஞ்சிப்போனா நாலு கிலோமீட்டர். ஆனா வேலை, டிராஃபிக் இத்யாதி இத்யாதி. அப்பாவும் நானும் உருப்படியா பேசுறதே மேட்ச் முடிஞ்சதும் வர்ற போனில்தான். அதிலும் பாதி சீசன் நேரம்தான் எங்களுக்குத் தீபாவளி, ஏன்னா கணக்குப் போட நிறைய இருக்கும்.

2025 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. தொடர்ந்து அஞ்சு தோல்விக்கு அப்புறம் லக்னோவில் ஜெயிச்சோம். தோனி 11 பந்தில் 26, ஆட்டநாயகன். வயசு 43. ருதுராஜுக்கு முழங்கை எலும்பில் விரிசல்னு கேப்டன் பொறுப்பும் மறுபடி அவர் தலையில். போன் வந்துச்சு.

"பாத்தியாடா? மிச்சம் ஏழு. அஞ்சு ஜெயிச்சா 14. 2010-ல அதேதான்."

"அப்பா, அப்போ எட்டு டீம். இப்போ பத்து. 14 பத்தாதுப்பா."

"ஏன் பத்தாது? போன வருஷம் ஆர்சிபி 14-லதானே போனான்?"

அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. 2024-ல் ஆர்சிபி முதல் எட்டு மேட்ச்சில் ஏழு தோத்தாங்க. அப்புறம் வரிசையா ஆறு ஜெயிச்சாங்க. அந்த ஆறாவது, மே 18, நம்ம மேல. அவங்க 218, நாம 201 எடுத்தாலே தோத்தும் உள்ள போயிருக்கலாம். கடைசி ஓவரில் 17 வேணும். யஷ் தயாள் போட்ட முதல் பந்தை தோனி 110 மீட்டர் தூக்கி கிரவுண்டுக்கு வெளியே அடிச்சார், அடுத்த பந்தில் அவுட். 191-ல் நின்னுட்டோம். ஆர்சிபிகாரனோட 2010 நம்மளை வெச்சே நடந்துச்சு. ஆக, அதிசயம் நடக்கும்தான்.

ஆபீசில் எங்க அமெரிக்க கிளையன்ட் பக்கம் ஒரு பேஸ்பால் பைத்தியம் உண்டு. 1914-ல் பாஸ்டன் பிரேவ்ஸ்னு ஒரு டீம் ஜூலை 4-ல் கடைசி இடத்தில் இருந்து, அக்டோபரில் சாம்பியன் ஆன கதையை அவர்தான் சொன்னார். இப்போ அங்கே சீசனுக்கு 162 மேட்ச்சாம். ஒரு மாசம் சொதப்பினாலும் மீதி நாள் இருக்கு. நமக்கு ஏழாவது மேட்ச்சிலேயே பாதி சீசன் காலி. அதனால எத்தனை தோத்தோம்கறதை விட, எப்படித் தோத்தோம்னு பாக்கறதுதான் முக்கியம்கறது என் கட்சி.

2010-ல் தோத்ததில் ஒண்ணு சூப்பர் ஓவர், ஒண்ணு 17 ரன். ஈடன் கார்டன்ஸில் 55 ரன்னில் ஜெயிச்ச ரன் ரேட்டும் கைவசம் இருந்துச்சு. 2025? மார்ச் 28 ஆர்சிபி நம்ம சேப்பாக்கத்தில் 2008-க்கு அப்புறம் முதல் தடவை ஜெயிச்சாங்க, 50 ரன்னில். ஏப்ரல் 5 டெல்லி, 2010-க்கு அப்புறம் முதல் தடவை. ஏப்ரல் 11 கொல்கத்தாவுக்கு எதிரா 20 ஓவரில் 103. அவங்க 10.1 ஓவரில் கதையை முடிச்சாங்க. அப்பா முறைப்படி கழிச்சுப் பாருங்க, அந்த ஒரு ராத்திரியில் மட்டும் ஓவருக்கு 5 ரன்னுக்கு மேல் நஷ்டம்.

இதில் என்னை ரொம்ப உறுத்தினது டெல்லி மேட்ச்தான். 184 வேணும், 158 எடுத்தோம். விழுந்தது அஞ்சே விக்கெட். மிச்சம் அஞ்சு விக்கெட்டை வெச்சிக்கிட்டு 25 ரன்னில் தோக்கறது என்ன கணக்கு? விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30, ரெண்டு பேரும் கடைசி வரை நின்னாங்க. அன்னிக்கு தோனியோட அப்பா அம்மா ஸ்டேடியத்துக்கு வந்திருந்தாங்க. ரிட்டயர் ஆகப்போறார்னு ஒரு வதந்தி. ஸ்கோர்போர்டை விட்டுட்டு கேமராவும் சேப்பாக்கமும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்துச்சு. தோனி வரணும்கறதுக்காக நம்ம ஆள் அவுட் ஆனா கைதட்டுற பழக்கம் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. தோனி மேல எனக்கும் உசுருதான். ஆனா ஒரு டீம் 2-5-ல் இருக்கும்போது, ஜெயிக்கணுமா இல்ல அவரைப் பாக்கணுமான்னு ஊரே குழம்பினா, அந்த டீம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்?

இதை அப்பாகிட்ட சொன்னேன். "நீ 2010 பாத்தவன்தானே, இப்படிப் பேசலாமா"ன்னு போனை வெச்சுட்டார்.

அப்புறம் வரிசையா மும்பை, ஹைதராபாத், பஞ்சாப். ஏப்ரல் 30-லேயே ஆட்டம் க்ளோஸ். இன்னும் நாலு மேட்ச் பாக்கி, ஆனா கணக்கு எதுவும் பாக்கி இல்லை. ரெண்டு நாள் போனும் இல்லை. எங்களுக்கு நடுவில் அந்த காலண்டர் தாளைத் தவிர வேற எதுவுமே இல்லையோன்னு நெஜமாவே பயந்துட்டேன்.

மே 3, பெங்களூர். வெறும் சாங்கியத்துக்கு ஆடின மேட்ச். ஆயுஷ் மாத்ரேன்னு பாதி சீசனில் பிடிச்சிட்டு வந்த பையன் 48 பந்தில் 94. 214 வேணும், 211-ல் நின்னோம். கடைசி ஓவர் போட்டது மறுபடியும் அதே யஷ் தயாள், நேரம்! தோத்தது 2 ரன்னில். மறுநாள் காலையில் போன்.

"அந்தப் பையனுக்கு என்ன வயசுடா?"

"17 ப்பா."

"ம்ம்... இன்னும் பதினஞ்சு வருஷம் ஆடுவான்."

பாயிண்ட்ஸ் டேபிள் பத்தி ஒரு வார்த்தை இல்லாம இருபது நிமிஷம் பேசினோம். பிரெவிஸ், நூர் அகமதுன்னு அடுத்த வருஷ டீமையே செலக்ட் பண்ணி முடிச்சார். அதில் தோனியைக் கீப்பராப் போட்டார். நான் போடலை. அந்தச் சண்டை இன்னும் முடியலை. நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினதும் ஜடேஜாவுக்காக ஒரு மூச்சு தனியா நடந்துச்சு.

உங்க வீட்டுல எப்படி? அடுத்த தடவை 7-க்கு 2-னு நிக்கும்போது நீங்க எதை எண்ணுவீங்க, மிச்சம் இருக்கற மேட்ச்சையா, டீமில் இருக்கற சின்னப் பசங்களையா?

டிஸ்கி: ஆர்சிபி ரசிகர்கள் கும்மியடிக்க அனுமதி உண்டு. யஷ் தயாள் பேரை மட்டும் எடுக்காதீங்க, ப்ளீஸ்.