தொண்ணூறு கிலோமீட்டர், தொண்ணூறு விநாடி

ஜூன் 5, 2024, புதன்

போடிநாயக்கனூருக்கு மாற்றலாகி வந்து சாமான்களைப் பிரித்து அடுக்கும் வரையில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை; மேற்கே மலை, தெருவெல்லாம் ஏலக்காய் மணம், வங்கிக்கு நடந்தே போய்விடும் தூரம் என்று எல்லாம் அனுகூலமாகவே இருந்தன. இன்று மாலை கடைசிப் பெட்டியிலிருந்து காற்றுத் துப்பாக்கியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியபோதுதான், வேலை முடிந்ததும் பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த ரேஞ்சு இனி ஏறக்குறைய 90 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்பது உடம்பில் உறைத்தது. .22 பிஸ்டல் மதுரையிலேயே கிளப்பின் ஆயுத அறையில் கிடக்கிறது. உரிமத்தில் புதிய விலாசம் ஏறும் வரை அது அங்கேதான் இருக்க வேண்டும். பிரயாணம் எவ்வளவு, தோட்டா எவ்வளவு, வீட்டில் வெறும் விசையை அழுத்துகிற அப்பியாசம் எவ்வளவு என்று எழுதிவைக்காவிட்டால் எது எதைத் தின்றது என்பதே தெரியாமல் போய்விடும் என்பதால் இந்த நோட்டு.

ஜூன் 9, ஞாயிறு

விடியுமுன் பஸ் ஏறித் தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி என்று மூன்று மணி நேரம். போடி வரையிலான அகல ரயில் பாதை சென்ற ஆண்டு ஜூனில் திறக்கப்பட்டதென்னவோ வாஸ்தவம். ஆனால் பாசஞ்சர் வண்டி காலையில் மதுரையிலிருந்து இங்கே வந்து மாலையில் மதுரைக்குத் திரும்புகிறது, எனக்கு வேண்டியது அதற்கு நேர் விரோதமான திசை. திரும்பும் பஸ்ஸில், தூக்கம் வராத எரிச்சலில், ஒரு கணக்குப் போட்டேன். பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் நிதானப் பகுதிக்கு 30 குண்டு: ஐந்து ஐந்தாக ஆறு தொடர், தொடருக்கு 5 நிமிஷம். விரைவுப் பகுதிக்கும் 30 குண்டு. ஆனால் அங்கே கையை 45 டிகிரி தாழ்த்தி நின்று, 7 விநாடி காத்து, பச்சை விளக்கு எரியும் 3 விநாடிக்குள் கையை உயர்த்தி ஒரே ஒரு குண்டு சுட வேண்டும். முப்பது மும்மூன்று தொண்ணூறு. அந்தத் தொண்ணூறு விநாடிக்காகப் போக மூன்று மணி, வர மூன்று மணி. இதை அக்காவிடம் சொல்லக் கூடாது. அவள் ஏற்கெனவே இதை ஒரு வியாதியாகத்தான் கருதுகிறாள்.

ஜூன் 10

தோள் வலி. சுட்டதால் அல்ல, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தூங்கியதால்.

ஜூன் 19, புதன்

வீட்டு அப்பியாசத்தை இளப்பமாகப் பேசுகிறவர்கள், சுடுகிறவரின் கண் இலக்கின்மேல் பதிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கைத்துப்பாக்கியில் அப்படியில்லை. நீட்டிய கையின் முனையில் நிற்கும் முன்குறி, பின்குறியின் பள்ளத்துக்குள் இரு புறமும் சமமாக வெளிச்சம் விட்டு, தலை மட்டமாக நிற்கிறதா என்பதைத்தான் கண் பார்க்க வேண்டும். இலக்கு மங்கிய கறுப்பாகத் தெரிந்தால் போதும். குறிகள் கலையாமல் கை மொத்தமாக ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் குண்டும் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். ஆனால் முன்குறி பின்குறியோடு ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், இரண்டுக்கும் இடையே 22 சென்டிமீட்டர் உள்ள ஒரு பிஸ்டலில், அந்தப் பிசகு 25 மீட்டரைக் கடப்பதற்குள் 11 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. நிதானப் பகுதியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவோ வெறும் 5 சென்டிமீட்டர். பெரும்பிழையெல்லாம் ஒரு கை தூரத்திலேயே நிகழ்கிறது என்றால், எதிரே 25 மீட்டர் இருந்தாலென்ன, மூன்று மீட்டரில் வெள்ளைச் சுவர் இருந்தாலென்ன? சுவரே உத்தமம் என்றுகூடச் சொல்வேன். கண்ணை இழுத்துக்கொண்டு போக அதில் கறுப்பு வட்டம் ஏதும் இல்லை.

இவ்வளவும் நியாயம்தான், ஆயினும் சுவர் மதிப்பெண் சொல்வதில்லை. காற்றுத் துப்பாக்கியில் அதற்கென்று உள்ள நெம்பைத் திருப்பிவிட்டால் பெல்லட்டும் வேண்டாம், காற்றும் செலவாகாது, விசை மட்டும் ‘டிக்’ என்று விழும். அந்த ‘டிக்’கின்போது முன்குறி அசைந்ததா என்ற வழக்கில் நானே வாதி, நானே சாட்சி, நானே நீதிபதி. இத்தகைய நீதிமன்றத்தில் நான் நாள்தோறும் ஜெயித்து வருகிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

வீட்டுக்கார அம்மாள் வாடகை ரசீதோடு மாடிக்கு வந்தவர், கதவு திறந்திருக்க, நான் சுவரை நோக்கித் துப்பாக்கி நீட்டி நிற்பதைப் பார்த்துவிட்டார். ஏலக்காய் வியாபாரியின் விதவை, எழுபது வயதிருக்கும். கூச்சல் போடவில்லை. வாசற்படியிலேயே நின்று, நான் கையை இறக்கும் வரை பொறுத்திருந்து, “ஏம்மா, நெசத் துப்பாக்கியா?” என்றார். குண்டு இல்லை என்று திறந்து காட்டினேன்.

“சொவத்துல ஓட்டை கீட்டை விழுந்துறாதுல்ல?”

“விழாதும்மா. குண்டே போடறதில்ல.”

“அப்ப குண்டில்லாமச் சுட்டு என்ன புண்ணியம்?”

அரை மணி நேரம் விளக்கினேன். போட்டியில் சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் குண்டில்லாத அழுத்தல்கள் பல இருக்க வேண்டும் என்றும், வெடிச் சத்தமும் உதைப்பும் உடம்பைப் பயமுறுத்துவதால், அவை இல்லாத இடத்தில்தான் விரல் தனியாக நகரக் கற்றுக்கொள்ளும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அர்ச்சுனனுக்குக் கிளியோட கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுச்சாம்ல?” என்றார். எனக்குக் கிளி மங்கலாகத்தான் தெரிய வேண்டும், அம்பின் முனைதான் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றேன். “அப்பத் துரோணரு ஒன்னய மொத நாளே வெரட்டிருப்பாரு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜூலை 3

வங்கியிலிருந்து திரும்பியபோது அம்மாள் மாடியில் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 14, ஞாயிறு. மதுரை, அக்கா வீடு

இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையானதால் நேற்றே வந்துவிட்டேன். தூங்கி எழுந்து சுடுவது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதை உள்ளூரில் இருந்தவரை அறியவில்லை. ஆனால் முதல் தொடரிலேயே விரல் திகைத்து நின்றுவிட்டது. காற்றுத் துப்பாக்கியின் விசை குறைந்தபட்சம் 500 கிராம் தாங்க வேண்டும் என்பது விதி. 25 மீட்டர் பிஸ்டலுக்கு அது 1000 கிராம். வாரமெல்லாம் அரைக் கிலோவில் பழகிய விரல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோவைச் சந்திக்கிறபோது, அழுத்திக்கொண்டே போகிறது, போகிறது, விழவில்லை. உடனே மனசு குறுக்கிட்டு ஒரு வெட்டு வெட்டுகிறது, குண்டு இடப்புறம் கீழே போகிறது. பிஸ்டலை வீட்டுக்கே கொண்டுபோனால் தீரும். அதற்கும் வெறுமனே அழுத்தக் கூடாது, அறையில் போலித் தோட்டா இட வேண்டும். இல்லாவிட்டால் அடிக்கும் முள் அறையின் விளிம்பில் மோதிக் கெடும். விலாச மாற்ற மனு நிலுவையில் இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

உசிலம்பட்டி தாண்டியதும் பக்கத்து இருக்கைப் பையன் கைபேசியில் காட்டினான்: பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலில் மனு பாகர் 221.7 புள்ளியோடு வெண்கலம்; ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். பஸ்ஸில் கைதட்ட வெட்கமாக இருந்தது. காலையில் மோசமாகச் சுட்டிருந்தேன், அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

முதல் சனிக்கிழமை, வங்கி உண்டு. மதியச் சாப்பாட்டு வேளையில் 25 மீட்டர் இறுதிச் சுற்றைப் பார்த்தேன். 10.2-க்குக் குறைந்தால் குண்டு பட்டதாகவே கணக்கில்லை. பாகர் வெண்கலத்துக்கான சமன்முறிவில் ஹங்கேரியின் வெரோனிகா மேஜரிடம் தோற்று நான்காவதாக வந்தார். சக ஊழியர்கள் சுட்ட கணங்களைப் பார்த்தார்கள். நான் கை தாழ்ந்திருந்த 7 விநாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மணி ஒலிப்பதைக் கைபேசியில் பதிவுசெய்து வைத்து, 7 விநாடி, 3 விநாடி என்று பழகுகிறேன். ஆனால் மணி எப்போது அடிக்கும் என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. அது பழக்கம், அப்பியாசம் அல்ல.

ஆகஸ்ட் 8, வியாழன்

அம்மாள் இப்போதெல்லாம் சாயங்காலம் முறத்தோடு மாடிக்கு வந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, ஏலக்காய் தரம் பிரிக்கிறார். வியாபாரத்தைக் கைவிட்டுப் பல காலமாகியும், உறவினர் கொண்டுவந்து கொட்டுகிற காயைப் பருமன் பார்த்துப் பிரித்துக் கொடுக்காவிட்டால் அவருக்குப் பொழுது போவதில்லை. இன்று தலை நிமிராமலே, “சத்தம் வர்றதுக்கு முந்தியே ஒங் கண்ணு மூடுது தாயி” என்றார். எல்லாத் தடவையுமா என்று கேட்டேன். “நாலஞ்சு வாட்டிக்கு ஒருக்க. ஞாயித்துக்கெழமை போய்ட்டு வந்தா கூடுது. வெள்ளி வர்றதுக்குள்ள கொறஞ்சிருது.”

விளக்கின் கூச்சமாக இருக்கலாம். பல்பை மாற்றி, கொஞ்சம் தள்ளி மாட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. மதுரை

கிளப்பில் பயிற்சி தரும் மாஸ்டரிடம் சொல்லி, எனக்குத் தெரியாமல் மகசீனில் போலித் தோட்டாக்களை இடைநுழைத்துத் தரச் சொன்னேன். ஐந்தில் எது பொய் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது அழுத்தலில் சத்தம் வரவில்லை. முன்குறியோ, வராத உதைப்பை வரவேற்கப் போனதுபோல், தெளிவாகக் கீழே குனிந்தது. மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. காதுக் கவசத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த மகசீனை நிரப்பினார். அதில் முழுவதும் போலியே இருந்தது என்பது இரண்டாவது அழுத்தலுக்குப் பிறகுதான் புரிந்தது, அப்புறம் முன்குறி கல்லாக நின்றது.

ஆகஸ்ட் 12

எல்லோரும் காரோலி டகாச்சின் கதையைச் சொல்லி ஆறுதல் தருகிறார்கள்: 1938-இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை போன பிறகு, இடக்கையால் பழகி 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் தங்கம் வென்ற ஹங்கேரியர். அவருக்குக் கை போயிற்று, எனக்குப் பஸ் தாமதம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அந்த மனிதருக்குச் செய்கிற அபசாரம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நடுவில் காய்ச்சல், சென்ற ஞாயிறு மதுரைக்குப் போகவில்லை, சுவரோடு மட்டுமே குடித்தனம். இன்று நிதானப் பகுதி, இந்த ஊருக்கு வந்தபின் சுட்டவற்றிலேயே நன்றாக அமைந்தது; குண்டுகள் ஒரு கூட்டமாக, சண்டையிடாமல், மையத்தைச் சுற்றி உட்கார்ந்தன. விரைவுப் பகுதியோ சரிந்துவிட்டது. பச்சை விளக்கு எரிகிற அந்தக் கணத்தை, பக்கத்து இடங்களில் ஒரே சமயத்தில் எழும் வெடிச் சத்தத்தை, எந்தச் சுவரும் தருவதில்லை. காய்ச்சலுக்குப் பிந்திய சோர்வுதான் காரணம் என்றார் மாஸ்டர். சோர்வு நிதானப் பகுதியைத் தொடாமல் விட்டது விசித்திரம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்றும் போகவில்லை, இந்தத் தடவை காய்ச்சல் இல்லை. அம்மாள் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார், தீபாவளிக்கு முன் வரமாட்டார். நாற்காலிமேல் கைபேசியைச் சாய்த்துவைத்து என் முகத்தைப் படம் பிடித்துப் பார்த்தேன். கண் ஒரு தடவைகூட மூடவில்லை. படம் எடுக்கப்படுகிறது என்று தெரிந்த கண் அப்படித்தான் நடந்துகொள்ளும் போலிருக்கிறது. பல்பை இன்னும் மாற்றவில்லை.

விலாச மாற்ற மனுவைப் பற்றித் தகவல் இல்லை. மாநிலப் போட்டியின் தேதியும் அறிவிக்கப்படவில்லை. அடுத்த ஞாயிறு போவதானால் முதல் பஸ்ஸுக்கு நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். விரைவுப் பகுதி மட்டும் சுடுவது, பாதித் தோட்டாவை மாஸ்டர் பொய்யாக வைக்கட்டும். நிதானப் பகுதியைச் சுவருக்கே விட்டுவிடலாமா என்று அவரிடம் கேட்க வேண்டும். அவர் கூடாது என்பார்.