சிதம்பரத்தில் ஒரு கையெழுத்து

சிதம்பரத்துக்கு எதற்குப் போவோம்? நடராஜரைத் தரிசிக்க, இல்லாவிட்டால் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு. போன மாதம் நானும் என் மகளும் கடலூரிலிருந்து போனது, அவளுடைய 'சாவி'க்குச் சாட்சிக் கையெழுத்து வாங்க! சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் படிக்கும் மகளுக்கு டெபியனில் சேர ஆசை. கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் அது. 1993-ல் இயான் முர்டாக் என்ற அமெரிக்க மாணவர் ஆரம்பித்தார். தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயராம். பல நாட்டவர் தாங்களாக முன்வந்து உழைக்க, யாரும் இலவசமாக உபயோகிக்கலாம்.

இதில் சேருகிறவர்களுக்கு இரண்டு சாவி உண்டு; இரண்டும் கம்ப்யூட்டரில் உருவாவதுதான். ஒன்று ரகசியம். தாலிக்கொடி மாதிரி, யாரிடமும் கழற்றிக் கொடுக்கக் கூடாது. அதனால்தான் அவள் தன் வேலைக்கு முத்திரை வைப்பாள். மற்றது ஊரறியக் கொடுப்பது. முத்திரை அவளுடையதுதானா என்று அதைக் கொண்டு பார்க்கலாம். சரி, அந்தச் சாவி அவளுடையதுதான் என்று யார் சொல்வது? ஏற்கனவே உறுப்பினரான இருவராவது நேரில் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும்.

2023 செப்டம்பரில் கொச்சியில் டெபியனின் உலக மாநாடே நடந்தது. "தனியா அனுப்ப மாட்டேன்" என்று தடுத்தவள் நான்தான். அவள் முகம் வாடியது இன்னும் மனசில் இருக்கிறது. அதனால், உறுப்பினர் ஒருவர் சிதம்பரம் வருகிறார் என்றதும் நானே உடன் கிளம்பிவிட்டேன்.

காலை பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் சிதம்பரம் வந்தமாதிரிதான். கீழ வீதிப் பக்கம் ஒரு ஹோட்டலில் அவரைச் சந்தித்தோம். மகள் ஒரு சீட்டை நீட்டினாள். சாவியின் கைரேகை என்று நாற்பது எழுத்தும் எண்ணும். "அரசாங்க அடையாள அட்டை?" என்றார். இவளிடம் காலேஜ் கார்டுதான்! போனிலிருந்த ஆதார் படத்தைக் காட்டினாள். அசல் வேண்டும் என்றுவிட்டார்.

"பெத்தவ நானே பக்கத்துல நிக்கிறேனே தம்பி, போதாதா?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"உங்களை நம்பறேம்மா. ஆனா என் கையெழுத்தை நம்பி, என்னைப் பார்க்காதவங்களும் இவங்களை நம்புவாங்களே!" என்றார். 2024-ல் நடந்ததையும் சொன்னார். எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்கு, முகம் தெரியாத ஒருவர் வருஷக்கணக்கில் நல்லவர்போல உதவி, கடைசியில் கள்ளக் கதவு வைத்துவிட்டாராம். நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

போன் செய்தேன். என் கணவர் பாஸ்போர்ட்டோடு அடுத்த பஸ் ஏறினார். அதுவரை கோயிலில் இருந்தோம். தேவார ஏடுகள் பூட்டிக்கிடந்த கதை தெரியுமல்லவா? பாடிய மூவரின் கை முத்திரை இட்ட அறை. மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம் தீட்சிதர்கள். ராஜராஜ சோழன் மூவரின் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து திறக்க வைத்தானாம். ராஜாவுக்கே அப்படி என்றால் நமக்கென்ன கோபம் என்று மனசு சமாதானமாயிற்று.

பாஸ்போர்ட் வந்தது. பெயரையும் படத்தையும் பார்த்தார். நாற்பது எழுத்தையும் அவள் படிக்க, அவர் சரிபார்த்துச் சீட்டில் ஒரு 'டிக்' போட்டார். அவ்வளவுதான்! உண்மையான கையெழுத்தை வீட்டில் தன் கம்ப்யூட்டரில் போடுவாராம். நால்வருமாக இட்லியும் கொத்சும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். ராத்திரி ஈமெயில் வந்தது. அதையும் அவளுடைய ரகசியச் சாவியால்தான் திறக்க முடிந்தது. அவள் குதித்த குதி இருக்கிறதே!

இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி. எந்த ஊரானாலும் அவளே தனியாகப் போய்வரட்டும் என்று சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட்டை மட்டும் நானே பையில் வைப்பேன்!