யார் கைக்கு வந்த வாடகை?
நான் பிரிட்டனில் டாக்டர். குரோம்பேட்டை ஃபிளாட் வாடகைக்கும் இங்கே வரிக் கணக்கு காட்டணும். குடியிருப்பவருக்கு டயாலிசிஸ். ஜனவரியிலிருந்து மூணு மாசம் வாடகை வரலை. கேட்க மனசும் வரலை.

வரி வருஷம் ஏப்ரல் 5-ல் முடியுது. வர வேண்டியதைக் காட்டும் முறைன்னா, வராத காசும் வருமானம். அப்புறம் வாராக்கடன்னு கழிக்கப் போராடணும். கைக்கு வந்ததை மட்டும் காட்டுற ரொக்க முறைதான் 2017-18 முதல், 1,50,000 பவுண்டுக்குள் வாடகை வாங்கும் தனிநபருக்குத் தானா அமையுறது. அதிலேயே இருந்துட்டேன்.

ஆனா யார் கை? பிப்ரவரியிலேயே அவர் மனைவி ஒரு மாச வாடகையை அப்பாகிட்ட கொடுத்திருக்காங்க. அப்பா பீரோவில் வச்சுட்டு (வழக்கம்போல!) ஜூன்லதான் சொன்னார். எனக்காக அவர் வாங்கினா நான் வாங்கின மாதிரிதான். அது பழைய வருஷக் கணக்கு.

மீதி ரெண்டு மாசம்? இன்னும் கேட்கலை.